வாட்ஸ்அப் குழுவில் 800 பேர், ஏரிக்கரையில் 12 பேர்: ஆதரவாளர்களைச் செயலில் இறக்குவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. ஓர் ஊராட்சியில் ஏரி ஆக்கிரமிப்புக்கு எதிராகச் சில ஆண்டுகளாக இயங்கிவரும் ஒரு சிறிய அமைப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஏறக்குறைய 800 பேர் இருக்கிறார்கள். பதிவுகளுக்குக் கட்டைவிரல் குறிகள் குவிகின்றன. ஆனால் கூட்டம் என்று அழைத்தால் அதே 12 பேர்தான் வருகிறார்கள். செலவுக்கான பணமும் அந்த 12 பேரின் சட்டைப்பையிலிருந்தே வருகிறது. எந்தச் செயலியைப் பயன்படுத்தினால், எப்படிப்பட்ட பதிவுகளைப் போட்டால் மற்றவர்களையும் ஈடுபடுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செயலியைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் குழுவில் கடந்த இரண்டு மாதங்களில் போன செய்திகளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். நாளிதழ்ச் செய்தியின் படம், கண்டன அறிக்கை, நடந்து முடிந்த நிகழ்ச்சியின் புகைப்படங்கள், யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து, நடுநடுவே ‘அனைவரும் வாரீர்’ என்ற அழைப்பு என்றுதான் பெரும்பாலான இயக்கக் குழுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எதைப் படித்தாலும் படிக்கிறவர் செய்ய வேண்டியது என்று ஒன்றும் இல்லை. ‘அனைவரும் வாரீர்’ என்பதைப் பார்க்கிறவர், தாம் போகாவிட்டால் அங்கே என்ன வேலை நின்றுவிடும் என்பது தெரியாததால், வேறு யாராவது போவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. ஒருவருக்குத் தாம் செய்யாவிட்டால் நடக்காது என்று தெரிந்த ஒரு வேலையும், அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் சொல்வதற்கு ஓர் இடமும் கிடைத்தால்தான் அவர் ஓர் இயக்கத்தில் தங்குகிறார் என்பது என் உறுதியான கருத்து. பதிவின் அழகும் காணொளியின் நீளமும் அதற்குப் பிறகு வருகிற விஷயங்கள்.

இதை விளக்க ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் (தொழிலாளர் விவசாயி சக்தி அமைப்பு) என்ற அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1970களின் நடுவில் அந்த வேலையை விட்டு விலகிய அருணா ராயும், அவரோடு நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987இல் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். அமைப்பு முறையாகத் தொடங்கப்பட்டது 1990 மே 1 அன்றுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் உறுப்பினர் சேர்க்கை என்று எதையும் நடத்தாமல், வறட்சி நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி முழுமையாகக் கொடுக்கப்படாததை அந்தத் தொழிலாளர்களோடு சேர்ந்து தட்டிக் கேட்டார்கள். கூலி கேட்டவர்களுக்கு அதிகாரிகள் தந்த பதில், ‘நீங்கள் வேலை செய்யவில்லை என்று பதிவேட்டில் இருக்கிறது’ என்பதாகவே இருந்தது. அப்படியானால் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, அது அரசு இரகசியம் என்றார்கள். தகவல் அறியும் உரிமை என்று பின்னாளில் நாடு முழுவதும் அறிந்துகொண்ட கோரிக்கை, கூலி குறைந்த ஒருவர் தம் வருகைப் பட்டியலைப் பார்க்க விரும்பியதிலிருந்து பிறந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அதன் நடைமுறையைத்தான் உங்களைப் போன்ற அமைப்புகள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஊர்ப் பொது இடத்தில் ஒரு பந்தல். வெளியூரிலிருந்து வந்த, கட்சி சார்பில்லாத சிலர் நடுவர்களாக அமர்ந்திருப்பார்கள். வருகைப் பட்டியல்களும் ரசீதுகளும் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். ‘இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி’ என்று வாசித்ததும், பெயருக்கு உரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து, தாம் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றோ, பட்டியலில் உள்ளவர் இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்றோ சொல்வார். கட்டி முடிக்கப்பட்டதாகக் கணக்கெழுதிய கட்டடம் கூரையில்லாமல் நிற்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த விசாரணையில் பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. எழுத்தறியாத ஒரு மூதாட்டிகூட, தம் பெயருக்கு நேரே எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியாக அங்கே வந்திருக்கிறார். அவர் வராவிட்டால் அந்த ஒரு வரியைச் சரிபார்க்க வேறு யாராலும் முடியாது. நான் மேலே சொன்ன ‘தாம் செய்யாவிட்டால் நடக்காத வேலை’ என்பதன் முழு வடிவம் இதுதான்.

1995 ஏப்ரலுக்குள் இப்படி ஐந்து விசாரணைகள் நடந்தன. அந்த மாதத்தில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத், வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கழிந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் தொடங்கிய தர்ணா 40 நாட்கள் நீடித்தது. இவ்வளவு நாள் நீடித்ததற்குக் காரணம் தலைவர்களின் மன உறுதி மட்டும் அன்று. தொடங்குவதற்கு முன்பே ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு தானியம் தரும், எத்தனை நாள் வந்து உட்காரும் என்று கேட்டுப் பெற்றிருந்தார்கள். ஒரு குழு ஊருக்குத் திரும்பும்போது அடுத்த குழு வந்து சேர்ந்தது. பியாவரின் தொழிற்சங்கங்களும் கடைக்காரர்களும் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். மாலையில் சங்கர் சிங்கின் பொம்மலாட்டமும் பாட்டும் நடந்தன. பத்திரிகையாளர் பிரபாஷ் ஜோஷி போன்றவர்கள் அங்கு வந்து பார்த்து எழுதியது பிறகுதான். ராஜஸ்தானின் தகவல் உரிமைச் சட்டம் 2000இலும் நாடு முழுமைக்குமான சட்டம் 2005இலும் வந்தன. அந்த அமைப்பு வெளிநாட்டுப் பணத்தையோ நிறுவனங்களின் நிதியையோ பெறுவதில்லை, முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியையே ஊதியமாகப் பெறுகிறார்கள் என்பவையும் இதே கணக்கில் சேரும். கோதுமை கொடுத்த குடும்பத்துக்கும் தர்ணாவில் அமர்ந்தவருக்கும் நடுவே நிதி நிறுவனம் என்று ஒன்று இல்லாததால், ‘இது எங்களுடையது’ என்ற எண்ணம் தளரவில்லை.

எல்லோரும் ஒரே ஊரில் இருந்தால் இது முடியும், எங்கள் 800 பேரில் பாதிப் பேர் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கும் விடை உண்டு. 1961இல் பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் லண்டனில் தொடங்கிய அம்னெஸ்டி இன்டர்நேஷனல், கருத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்காக உலகெங்கும் உள்ளவர்களை இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் உள்ளூர்க் குழுவுக்கும் மூன்று கைதிகளின் பெயர்களை, மேற்கு நாடுகளிலிருந்து ஒருவர், கம்யூனிஸ்ட் நாடுகளிலிருந்து ஒருவர், மூன்றாம் உலக நாடுகளிலிருந்து ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் குழுவினர் ‘உலகில் அநீதி ஒழிக’ என்று முழங்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட மூவருக்காகக் கடிதம் எழுதினால் போதும். கடிதம் போகாவிட்டால் கைவிடப்படுவது யார் என்பது பெயரோடு தெரியும். 1973இல் பிரேசிலில் கைதான பேராசிரியர் லூயிஸ் ரோஸிக்காகத் தொடங்கிய அவசரக் கடித முறையும் இதே அடிப்படையில் அமைந்ததே. கடல் கடந்து இருப்பவரையும் ஈடுபடுத்தலாம், வேலையை அந்த அளவுக்குக் குறுக்கித் தரத் தெரிந்தால்.

இனி உங்கள் ஏரிக்கு வருவோம். ‘ஏரியைக் காப்போம்’ என்பது முழக்கம். அதை யாரிடமும் வேலையாகக் கொடுக்க முடியாது. அதை உடைத்துப் பாருங்கள். ஏரியும் வரத்துக் கால்வாயும் எத்தனை புல எண்களில் (சர்வே எண்களில்) வருகின்றன என்று கிராம வரைபடத்திலிருந்து பட்டியல் எடுக்கலாம். தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டின் விவரத்தைப் பார்க்கலாம். துபாயிலோ திருப்பூரிலோ இருப்பவர் இரவில் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஐந்தாறு எண்களைச் சரிபார்த்துவிடுவார். ஒருவருக்கு ஐந்து எண் என்று பெயர் போட்டுக் கொடுங்கள். எந்த எண் ஏரிப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது, எந்த எண்ணில் வேறு வகைப்பாடு தெரிகிறது என்று அவர் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளூரில் இருப்பவர்கள் இருவர் இருவராகக் கரையில் நடந்து, களத்தில் இருப்பதைப் படம் எடுத்துக் குறிக்கலாம். பொருந்தாத எண்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரு விரைவுத் தபால், 30 நாள் காத்திருப்பு. பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி பொதுவாக நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும் என்பதால், மனு யாருக்குப் போக வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்துக்கு எழுதினாலும் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பச் சட்டம் சொல்கிறதுதான், ஆனால் நாள் வீணாகும். முதல் மனுவிலேயே நாள் வீணானால் புதிதாக வந்தவர் சோர்ந்துவிடுவார்.

மனுவுக்குப் பதில் வருகிற நாள் முக்கியமானது. மனு போட்டவர் பெயருக்கு அரசு முத்திரையோடு ஒரு உறை வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் ‘தகவல் இல்லை’ என்று ஒரே வரி இருந்தால்கூட, அதுவரை கட்டைவிரல் குறி போட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது கோபப்படச் சொந்தமாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் அமைப்பிலிருந்து யாராவது தொலைபேசியில் பேசி, முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள் இருக்கிறது, சேர்ந்து எழுதுவோமா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த உறையும் கோபமும் அலமாரிக்குப் போய்விடும்.

அழைக்கும் முறையிலும் பழையதே இன்றும் வேலை செய்கிறது. அமெரிக்காவில் பிரெட் ராஸ் என்ற அமைப்பாளர் 1950களில் கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளியினரிடையே வீட்டுக் கூட்டங்களை நடத்தினார். ஒரு வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த ஏழெட்டுப் பேரை அழைப்பார். பேச்சு முடிவில் வந்தவர்களில் யார் தம் வீட்டில் அடுத்த கூட்டத்தை வைப்பது என்று கேட்கப்படும். சீசர் சாவேஸ் அவரிடம் பயிற்சி பெற்றவர். பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோதும் இந்த முறையைக் கைவிடவில்லை. நமக்கு இது புதிதன்று. திண்ணைப் பிரச்சாரம் என்று தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிகளும் செய்வதுதான். தேர்தல் முடிந்ததும் திண்ணை காலியாகிவிடுகிறது என்பதே வேறுபாடு. தெருவுக்கு ஒரு வீடு, மாலை ஏழு மணி, முக்கால் மணி நேரம், ஒலிபெருக்கி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், முன்னிலை வகிப்பவர் வேண்டாம். வந்தவர்கள் முதலில் பேசட்டும்: கிணற்றில் தண்ணீர் எத்தனை அடிக்கு இறங்கியது, கடைசியாக ஏரி எப்போது நிரம்பி மறுகால் போனது, எந்தப் பக்கம் மண் கொட்டுகிறார்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலை இறுதியில் சொன்னால் போதும். பெண்கள் வர வேண்டும் என்றால் நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். இரவு எட்டரைக்கு வைத்துவிட்டு மகளிர் வருவதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய தொகையைப் பலரிடம் கேட்பது, பெரிய தொகையை ஒருவரிடம் வாங்குவதைவிட அதிக உழைப்பைக் கேட்கிறது. அந்த உழைப்பே உங்களை மக்களிடம் கொண்டுபோகிறது என்பதால் அதைச் செலவாக எண்ண வேண்டாம். அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அமைப்பு தன் கலைப்பயணங்களுக்கான செலவைப் புத்தக விற்பனையிலிருந்து எடுத்தது. புத்தகம் வாங்கியவர் நன்கொடையாளராகவும் வாசகராகவும் ஒரே நேரத்தில் ஆனார். நம் தொழிற்சங்கங்களின் உண்டியல் வசூலும் இந்த வழியில் வந்ததே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வசூலித்த பணத்தின் வரவு செலவை மாதம் தவறாமல் எல்லோர் பார்வைக்கும் வையுங்கள், தேநீர்ச் செலவு உட்பட. ஊராட்சியிடம் கணக்குக் கேட்கிற அமைப்பு தன் கணக்கை மூடிவைத்திருந்தால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

பின்வாங்குகிறவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 800 பேரில் பலர் சோம்பேறித்தனத்தால் வராமல் இருப்பதாக நினைக்காதீர்கள். ஒருவர் அரசு ஊழியராக இருப்பார். இன்னொருவரின் மகன் மண் அள்ளும் ஒப்பந்ததாரரிடம் லாரி ஓட்டுவான். வேறொருவரின் மைத்துனருக்கே ஏரிக்கரையில் வீடு இருக்கும். இவர்களை மறியலுக்கு அழைத்தால் குழுவிலிருந்தே வெளியேறிவிடுவார்கள். பெயர் வெளியே வராத வேலை, பெயர் வந்தாலும் வழக்கு வராத வேலை, வழக்கு வரக்கூடிய வேலை என்று மூன்றாகப் பிரித்து, எது எந்த வகை என்பதை முன்கூட்டியே சொல்லி, எதில் சேர்வது என்பதை அவரவர் முடிவுக்கு விடுங்கள். சொல்லாமல் அழைத்துச் சென்று, அங்கே காவல்துறை வந்து பெயர் எழுதிக்கொண்டால், அவர் மட்டுமல்ல, அவர் தெருவே அதன்பின் உங்களை நம்பாது.

இதோடு ஒட்டிய, இன்னும் கடினமான விஷயம் ஆக்கிரமிப்பாளர்கள் யார் என்பது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் குடிசைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. நடைமுறையில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் குடிசைதான். உங்கள் அமைப்பு இதில் என்ன நிலை எடுக்கிறது, மாற்று வீட்டுமனையைக் கேட்கிறதா இல்லையா என்பதை நிர்வாகிகள் 12 பேர் மட்டும் முடிவு செய்து அறிவித்தால், கரையோரத் தெருக்களில் ஆதரவு ஒரே இரவில் போய்விடும். இப்படிப்பட்ட முடிவைத்தான் திண்ணைக் கூட்டங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு உங்கள் விருப்பத்துக்கு மாறாக அமையக்கூடும். அதற்குத் தயாராக இல்லாத அமைப்பு, மற்றவர்களின் ஈடுபாட்டைக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கூட்டம் சேர்க்கும் வேலையாகவே முடியும்.

செயலியைப் பற்றி இப்போது. புதிதாக எதுவும் வேண்டாம், இருக்கிற வாட்ஸ்அப்பே போதும். 800 பேர் உள்ள குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றி, வாரம் ஒரு செய்திக்கு மேல் போடாதீர்கள். அந்தச் செய்தியில் போன வாரம் யார் என்ன செய்தார், அதனால் என்ன கிடைத்தது, இந்த வாரம் எத்தனை பேர் எதற்குத் தேவை என்பவை மட்டும் இருக்கட்டும். வேலை செய்ய முன்வந்தவர்களுக்குத் தெருவாரியாகவோ வேலைவாரியாகவோ பத்துப் பதினைந்து பேர் கொண்ட தனிக் குழுக்களை அமையுங்கள். அவற்றில் பேச்சு தானாக நடக்கும். செய்தவரின் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். இணையக் கையெழுத்து மனு வேண்டுமா என்றால், அதை எந்த அதிகாரியிடம், எந்த நாளில், யார் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார் என்பது முடிவான பின் தொடங்குங்கள். அது முடிவாகாத மனுவில் கையெழுத்திட்டவர் அடுத்த மனுவில் கையெழுத்திட மாட்டார்.

எண்ணிக்கை பார்க்க விரும்பினால், பின்தொடர்வோரை எண்ணுவதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் குறித்துவாருங்கள்: ஒருமுறை வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், நீங்கள் சொல்லாமலேயே எத்தனை வேலைகள் நடந்தன. முதலாவது குறைந்தால் கொடுத்த வேலையிலோ, முடிந்தபின் சொல்ல வேண்டியதைச் சொல்லாததிலோ பிழை இருக்கிறது. இரண்டாவது பூஜ்யத்திலேயே நின்றால், பொறுப்பை நீங்கள் இன்னும் யாருக்கும் கைமாற்றவில்லை.

தொடங்குவதற்கு வசதியான நாள் ஒன்று எப்போதும் அருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்து வருவதற்கு ஆறு வாரம் முன்பே வெளியூரில் இருப்பவர்களுக்குப் புல எண்களைப் பிரித்துக் கொடுத்து, நான்கு வாரம் இருக்கும்போது கரை நடையை முடித்து, கடைசி இரண்டு வாரங்களில் தெருவுக்கு ஒரு திண்ணைக் கூட்டம் வைத்தால், சபையில் எழுந்து பேச ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர் இருப்பார். அவரவர் சரிபார்த்த எண்ணை அவரவரே வாசிக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, தீர்மானம் பதிவேட்டில் சரியாக எழுதப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள், கூட்டம் கலைவதற்குள் அதைப் படமும் எடுத்துவிடுங்கள்.